டிரைவர் மாமாவா, கண்டக்டர் மாமாவா?

குட்டீஸ், உங்களுக்கு ஒரு கேள்வி. பட்டென்று பதில் சொல்லிவிடக் கூடாது. கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும், சரியா?

கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் போகும் பஸ் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்ட நேரம். உள்ளே ஈ நுழைய இடமில்லை. டிரைவர் மாமா தன் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார். கண்டக்டர் மாமாவோ பையைத் தோளில் மாட்டிக் கொண்டு, "டிக்கெட்... டிக்கெட்... புளியங்குடி யாரு? வாசுதேவநல்லூர் யாரு?" என்று முன்படிக்கும் பின்படிக்கும் நடந்து கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறார், ஏறுகிறார், விசில் ஊதுகிறார். சாயந்திரம் பார்த்தால் சட்டை நனைந்து போயிருக்கும்.

இருவருக்கும் ஒரே பஸ், ஒரே வெயில், ஒரே தூசி. டீ குடிக்கும் கடையும் ஒன்றுதான். இந்த இருவரில் யாருடைய இதயம் அதிக நாள் நன்றாக உழைக்கும்?

"பாவம் கண்டக்டர் மாமா, நாள் முழுக்க நின்று நின்று களைத்துப் போவார். அதனால் டிரைவர் மாமாதான்!" என்று சொல்கிறீர்களா? 75 வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் பெரிய பெரிய டாக்டர்களே அப்படிச் சொல்லியிருக்கக் கூடும். உடம்பை அலட்டிக் கொள்ளாமல் இருந்தால்தான் நீண்ட நாள் வாழலாம் என்று நம்பியவர்கள் அப்போது நிறைய பேர்.

பஸ்ஸில் சும்மா சுற்றிய டாக்டர்

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். மாரடைப்பு வந்து இறப்பவர்கள் வரவர அதிகமாகிக் கொண்டே போனார்கள். ஏன் என்றே யாருக்கும் புரியவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் இதைக் கண்டுபிடிக்கக் கிளம்பினார். 'எந்த வேலை செய்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது?' என்று கணக்கெடுத்துப் பார்த்தால் ஏதாவது துப்பு கிடைக்கும் என்று நினைத்தார்.

லண்டனில் ஓடும் சிவப்பு நிற மாடி பஸ்ஸைப் படத்தில் பார்த்திருப்பீர்களே! அதன் டிரைவர் கீழே உட்கார்ந்திருப்பார். வேலை நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அவருக்கு உட்கார்ந்தபடியேதான் போகும். கண்டக்டர் கீழ்த்தளத்தில் டிக்கெட் கொடுத்து முடித்ததும் மாடி ஏற வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். மாரிஸ் பல மணி நேரம் பஸ்ஸிலேயே பயணம் செய்து, கண்டக்டர்கள் எத்தனை படி ஏறுகிறார்கள் என்று எண்ணிக் கொண்டே வந்தார். பக்கத்து சீட்காரர் என்ன நினைத்தாரோ! ஒரு நாள் வேலையில் 500 முதல் 750 படிகள். உங்கள் வீட்டு மாடிக்கு 20 படி இருந்தால், குறைந்தது 25 தடவை மொட்டை மாடிக்கு ஏறிய கணக்கு. தினமும்!

சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் விவரங்கள் சேர்ந்தன. 1953-ம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் முடிவு வெளியானது. கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் வயதான பிறகே வந்தது, அதுவும் கடுமை குறைந்து. டிரைவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்!

இதோடு மாரிஸ் துள்ளிக் குதித்துவிடவில்லை. எனக்கு அவரிடம் பிடித்ததே இந்த இடம்தான். 'ஒருவேளை டிரைவர்களுக்கு நெரிசலில் வண்டி ஓட்டும் பதற்றம் அதிகம், அதனால் வருகிறதோ?' என்று தன்னையே சந்தேகப்பட்டார். உடனே தபால் துறைக்குப் போனார். கடிதங்களைச் சுமந்து கொண்டு நடந்தும் சைக்கிளிலும் வீடு வீடாகப் போகும் தபால்காரர்களையும், அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டார். அங்கே நெரிசலும் இல்லை, ஹாரன் சத்தமும் இல்லை. ஆனாலும் முடிவு ஒன்றுதான். நடந்தவர்கள் தப்பித்தார்கள்.

'டிரைவர்கள் குண்டாக இருப்பதால்தான் வருகிறதோ?' என்று அடுத்த சந்தேகம். இதற்கு அவர் பிடித்த வழியைக் கேட்டால் சிரித்துவிடுவீர்கள். ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த யூனிஃபார்ம் பேண்ட்டின் இடுப்பு அளவுகளை வாங்கிப் பார்த்தார்! டிரைவர்களின் இடுப்பு நிஜமாகவே பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு நடந்த ஆய்வில், ஒல்லியோ குண்டோ, எந்த உடல்வாகாக இருந்தாலும் கண்டக்டர்களுக்கே இதய நோய் குறைவு என்று தெரிந்தது. ஆக, "நான் ஒல்லிப்பிச்சான், எனக்கு எதற்கு விளையாட்டு?" என்று யாரும் தப்பிக்க முடியாது.

பிற்பாடு அரசு அலுவலகங்களில் நாற்காலியிலேயே வேலை பார்ப்பவர்களையும் மாரிஸ் ஆராய்ந்தார். அவர்களிலும், ஓய்வு நேரத்தில் நீச்சல், ஓட்டம் என்று மூச்சு வாங்க உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. வேலை எதுவானாலும் மிச்ச நேரத்தில் சரிக்கட்டிக் கொள்ளலாம் என்பது டிரைவர் மாமாக்களுக்கு நல்ல சேதிதானே!

மாரிஸ் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா பிள்ளைகளை நடக்க அழைத்துப் போவாராம். நான்கு மைல் தூரத்தை ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்தால் ஐஸ்கிரீம் பரிசு. அந்த ஐஸ்கிரீம் பையன் 2009-ம் ஆண்டு இறந்தபோது அவருக்கு வயது 99.

உள்ளே என்னதான் நடக்கிறது?

உங்கள் கையை இறுக்கி மூடுங்கள். ஏறத்தாழ அந்த அளவுதான் உங்கள் இதயம். அதுவும் ஒரு தசைதான். எந்தத் தசைக்கும் வேலை கொடுத்தால் பலம் கூடும், சும்மா விட்டால் சோம்பிப் போகும்.

ஒரு சின்னக் கணக்கு. பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடித்தால், ஒரு நாளைக்கு எத்தனை? 70 x 60 x 24 = 1,00,800. ஒரு லட்சம்! தினமும் நன்றாக ஓடி ஆடும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 போதும் என்றாகிவிட்டால் 86,400. ஒரு நாளில் 14,400 துடிப்பு மிச்சம். பலமான இதயம் ஒரே துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடுவதால், அடிக்கடி துடிக்கத் தேவையில்லை. பெரிய வாளியில் தண்ணீர் இறைத்தால் தொட்டி சீக்கிரம் நிறைவது மாதிரி. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் சிலருக்கு ஓய்வாக இருக்கும்போது 40-தான் இருக்கும்.

இதயத்துக்கு ஒரு உதவியாளரும் உண்டு. யார் தெரியுமா? உங்கள் கெண்டைக்கால்! காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப மேலே ஏற வேண்டுமே. நீங்கள் நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, ரத்தக் குழாயைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்னக் கதவுகள் அதைக் கீழே இறங்க விடாது. மணிக்கணக்கில் உட்கார்ந்து பஸ்ஸில் போனால் கால் வீங்குகிறதே, ஏன் என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது சர்க்கரை. நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அதைத் தசைகளுக்குள் அனுப்பும் சாவிதான் இன்சுலின். தசை வேலை செய்து கொண்டிருக்கும்போது அந்தச் சாவியை அதிகம் எதிர்பார்க்காமல் தானே கதவைத் திறந்து சர்க்கரையை இழுத்துக் கொள்கிறது. சாப்பிட்டதும் அப்படியே சாய்ந்து டி.வி. பார்க்கும் தாத்தாவை, "வாங்க தாத்தா, தெருமுனை வரை போய் வரலாம்" என்று நீங்கள் கைப்பிடித்து அழைத்துப் போனால், அது அவருக்கு மருந்து மாதிரிதான். (அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்!)

எலும்பு கதை இன்னும் வேடிக்கை. டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு, அடுத்த கையின் எலும்பைவிடத் தடிமனாக இருக்கிறது. அதிலும் சிறு வயதிலேயே ஆட ஆரம்பித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப அதிகம். குதித்து, ஓடி, தாங்கித் தாங்கி அடி வாங்கும் எலும்புதான் தன்னைக் கெட்டியாக்கிக் கொள்கிறது. உங்கள் வயதில் சேர்க்கும் எலும்பு பலம் பாட்டி வயதுக்குப் போட்டு வைக்கும் சேமிப்பு. பிறகு சேர்க்க நினைத்தால் இந்த அளவுக்கு வட்டி கிடைக்காது.

இதற்கு நேர் எதிர், விண்வெளி. அங்கே எடையே இல்லாமல் மிதப்பதால் எலும்புக்கு வேலை கிடையாது. ஒரே மாதத்தில் இடுப்பு எலும்பில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் கரைந்து போகும். அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் அளவுக்கு உடற்பயிற்சி செய்கிறார்கள். நம் இந்திய வம்சாவளிப் பெண் சுனிதா வில்லியம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? 2007 ஏப்ரல் 16-ம் தேதி, பூமியில் பாஸ்டன் நகரத்தில் மாரத்தான் நடந்து கொண்டிருந்த அதே நேரம், மேலே ஓடுபொறியில் தன்னைப் பட்டையால் கட்டிக் கொண்டு 42 கிலோமீட்டர் ஓடி முடித்தார். அடேங்கப்பா!

காசு போட்டுக் கட்டிய பூங்கா

லண்டன், விண்வெளி எல்லாம் இருக்கட்டும், நம் ஊரில்? சென்னைக்கு வருவோம்.

1990-களின் பிற்பகுதியில் டாக்டர் மோகன் தலைமையிலான மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் குழுவினர் சென்னையில் இரண்டு பகுதிகளுக்குப் போய் எல்லோரையும் பரிசோதித்தார்கள். ஒன்று திருமங்கலத்தில் ஓரளவு வசதியானவர்கள் வாழும் ஆசியாட் காலனி. இன்னொன்று தி.நகரில் ஏழைகள் வாழும் பாரதி நகர். வசதியான பகுதியில் 100 பேரில் 12 பேருக்குச் சர்க்கரை நோய். ஏழைகள் பகுதியில் 6 அல்லது 7 பேருக்குத்தான்.

பரிசோதனை முடிவை ஆசியாட் காலனிக்காரர்களிடம் குழுவினர் விளக்கினார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் அங்கே 100-க்கு 14 பேர்தான். "சரி, நடக்கிறோம். எங்கே நடப்பது? ரோட்டில் லாரி வருகிறதே" என்ற பிரச்னை வந்தது. அந்த மக்கள் அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தாங்களே காசு போட்டு, நடப்பதற்குப் பாதையோடு அழகான பூங்கா ஒன்றை அமைத்துவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால், உடற்பயிற்சி செய்பவர்கள் 100-க்கு 58 பேரைத் தாண்டியிருந்தார்கள்!

பத்து ஆண்டுகள் கழித்து இரண்டு இடங்களிலும் மறுபடி பரிசோதனை. ஆசியாட் காலனியில் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆகியிருந்தது. கூடித்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். பாரதி நகரிலோ 6.5 சதவீதம் 15.3 ஆகிவிட்டது. இரண்டு மடங்குக்கும் மேலே!

பூங்கா ஒன்றினால்தான் எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. சாப்பாடு, வருமானம், வைத்திய வசதி என்று எத்தனையோ காரணங்கள் கலந்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கரை நோய் 'பணக்கார வியாதி' என்று சொல்லிக் கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. 2023-ல் வெளியான பெரிய ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு இந்த நோய் இருக்கிறது. நடக்க ஒரு பத்திரமான இடம் என்பது ஏழைத் தெருவுக்கும் வேண்டிய ஒன்று.

கடையநல்லூரையே எடுத்துக் கொள்ளுங்கள். கைத்தறி நெசவுக்குப் பேர் வாங்கிய ஊர். கைத்தறி நெசவாளர் குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிப்பார், கை நாடாவை இழுக்கும். தெருவில் பாவு நீட்டிச் சரி செய்கிறவர்கள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து கொண்டே இருப்பார்கள். அவர்களிடம் போய் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் சிரிப்பார்கள். அந்த உழைப்பில் முதுகுவலியும் உண்டு, கண்வலியும் உண்டு. அதுதான் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தறியை விட்டுக் கடைக்கும் கம்ப்யூட்டருக்கும் வந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த அசைவு வேறு எங்கிருந்தாவது கிடைத்தாக வேண்டுமே!

எவ்வளவு நேரம் போதும்?

தைவான் நாட்டில் 4 லட்சத்து 16 ஆயிரம் பேரைச் சராசரியாக 8 ஆண்டுகள் கவனித்து, 2011-ல் முடிவு சொன்னார்கள். தினமும் வெறும் 15 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள், ஒன்றுமே செய்யாதவர்களைவிடச் சுமார் 3 ஆண்டுகள் அதிகம் வாழ வாய்ப்பு இருந்ததாம். 15 நிமிடம்! நீங்கள் காலையில் "இன்னும் கொஞ்சம் தூங்குகிறேன் அம்மா" என்று கெஞ்சும் நேரம் அது.

"எங்க தாத்தா பீடி குடித்துக் கொண்டு 90 வயது வரை இருந்தாரே!" என்று வகுப்பில் ஒருவன் நிச்சயம் சொல்வான். இருந்திருப்பார். அதேபோல எதிர்ப்பக்கமும் ஆட்கள் உண்டு. பொள்ளாச்சி பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் 1920-ல் பிறந்த நானம்மாள் பாட்டி, 8 வயதில் அப்பாவிடம் யோகா கற்றுக் கொண்டு, தொண்ணூறு வயதுக்கு மேலும் ஆசனம் போட்டுக் காட்டியவர். 2018-ல் பத்மஸ்ரீ விருது வாங்கினார். 2019-ல் தன் 99-வது வயதில் காலமானார். பஞ்சாபில் பிறந்த பவுஜா சிங் தாத்தாவுக்கு ஐந்து வயது வரை நடக்கவே வரவில்லையாம். அவர் 2011-ல், தன் 100-வது வயதில், கனடாவின் டொரொன்டோ நகரில் முழு மாரத்தானை 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகக்காரர்கள் ஏற்றுக் கொள்ளவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊரில் சாலையில் கார் மோதி இறந்தார், 114 வயதில். நோயால் அல்ல என்பதைக் கவனித்தீர்களா?

ஆனால் பீடித் தாத்தாவை வைத்தும் முடிவு கட்டக் கூடாது, பவுஜா தாத்தாவை வைத்தும் கட்டக் கூடாது. ஒருவருடைய கதை சுவாரஸ்யம், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பேரை எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்காகத்தானே மாரிஸ் பஸ்ஸில் அலைந்தார்!

உங்கள் வயதுக்கு 15 நிமிடம் போதாது. 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் பலம் தரும் குதித்தல், ஏறுதல் மாதிரி ஆட்டங்களும் வேண்டும். ஒரே மூச்சில் 60 நிமிடம் தேவையில்லை. காலையில் பள்ளிக்கு நடை 15, இடைவேளையில் ஓடிப் பிடித்தல் 10, சாயந்திரம் கிளித்தட்டோ கபடியோ செல்லாங்குச்சியோ 35. முடிந்தது கணக்கு! செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. (பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்கிக் கொண்டு திருப்பித் தராமல் இருக்கும் பள்ளிகளில், இந்த வரியை மட்டும் சாரிடம் காட்டவும்.)

146 நாடுகளில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுத்தபோது, 100-க்கு 81 பேர் இந்த 60 நிமிடத்தை எட்டவில்லை. பையன்களில் 78, பெண்களில் 85. ஏன் பெண்கள் பின்தங்குகிறார்கள்? அவர்களுக்கு ஆசையில்லாமலா? "வயதுக்கு வந்தாச்சு, இனி தெருவில் என்ன ஆட்டம்?" என்று ஆறாம் வகுப்போடு பாண்டிக் கட்டத்தை அழித்துவிடுகிறோமே! எலும்பு வேகமாகப் பலம் சேர்ப்பது சரியாக அந்த வயதில்தான். தங்கைகளே, தெரு இல்லாவிட்டால் மொட்டை மாடி இருக்கிறது. ஒரு ஸ்கிப்பிங் கயிறு, இரண்டு தோழிகள். அண்ணன்மார்களே, சைக்கிளை நீங்களே வைத்துக் கொள்ளாமல் தங்கைக்கும் கொடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். ஒரு கையின் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில், மறு கையின் இரண்டு விரல்களை லேசாக வையுங்கள். டக் டக் என்று துடிக்கிறதா? 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 70-லிருந்து 100-க்குள் இருக்கும். அது முதல் எண்.

இரண்டு நிமிடம் ஸ்கிப்பிங் ஆடிவிட்டு உடனே எண்ணுங்கள். அது இரண்டாவது எண். பிறகு இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து மறுபடி எண்ணுங்கள். அது மூன்றாவது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். நன்றாகப் பழகிய இதயம் சீக்கிரம் இறங்கிவிடும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக் கொண்டு ஆரம்பியுங்கள்.

மூன்று எண்களையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். தினம் 60 நிமிடம் ஆடுங்கள். எட்டு வாரம் கழித்து, அதே நேரத்தில், அதே கயிற்றோடு, மறுபடி மூன்று எண்களையும் எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். அப்பா, அம்மா, தாத்தாவையும் விடாதீர்கள். அவர்களை ஸ்கிப்பிங்குக்குப் பதிலாக இரண்டு நிமிடம் வேகமாக நடக்கச் சொல்லுங்கள். பஸ் டிரைவர் மாமா யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.